‘ஹேக்கர்கள் கைவரிசை’ என்று முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினி முடங்கியது, கணக்கில் இருந்த பணம் போனது, பத்து வருடப் படங்கள் பூட்டிக்கொண்டன என்று உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். ஆளும் தொகையும்தான் மாறுகின்றன, மற்றபடி எல்லாமே ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. ‘ஹேக்கர்கள் கைவரிசை’ என்று தலைப்பு, நடுவில் எவ்வளவு போனது என்ற கணக்கு, கடைசியில் ‘பொதுமக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி. எப்படி உள்ளே வந்தார்கள் என்பது மட்டும் இருக்காது. எந்த பட்டனை அழுத்தினார், எந்த ஃபைலைத் திறந்தார், எந்த அப்டேட்டைப் போடாமல் விட்டிருந்தார், எதுவும் இருக்காது. அதைப் படித்தவர் எழுந்து போய்த் தன் வீட்டுக் கணினியில் என்ன செய்வார்? செய்வதற்கு அந்தச் செய்தியில் எதுவுமே இல்லையே. பயம்தான் மிச்சம்.

சொந்தத்திலும் நட்பிலும் யாருக்குக் கணினியில் கோளாறு வந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பார்த்த வரையில், வீட்டுக் கணினிக்குள் யாரும் மந்திரம் போட்டு நுழைவதில்லை. நுழையும் வழிகள் கொஞ்சம்தான், ஒவ்வொன்றையும் நாலு வரியில் விளக்கிவிடலாம், விளக்கிவிட்டால் பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். அதை நீங்கள் எழுத வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அண்மையில் பெரியப்பா போன் செய்தார். “வைரஸ் வந்திடுச்சுன்னு போட்டிருக்குப்பா, அணைச்சா எல்லாம் அழிஞ்சிடுமாம், ஒரு பொம்பளக் குரல் பேசிக்கிட்டே இருக்கு, கூடவே ஒரு சத்தம்” என்றார். பின்னணியில் அந்தச் சைரன் எனக்கே கேட்டது. திரை முழுக்க நீல நிறம், மைக்ரோசாஃப்ட் சின்னம், மவுஸ் அம்பைக் காணோம், மூலையில் இருக்க வேண்டிய பெருக்கல் குறியும் இல்லை, நடுவில் பெரிதாக ஒரு போன் நம்பர். “அதுக்குப் பேசட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம், எஸ்கேப் கீயை அழுத்தி அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருங்கள் என்றேன். திரை சுருங்கியது. அது வெறும் ஒரு இணையப் பக்கம். அதற்குக் கீழே அவர் அதுவரை படித்துக்கொண்டிருந்த பக்கம் அப்படியே இருந்தது.

நடந்தது இவ்வளவுதான்: எந்த இணையப் பக்கமும், நாம் ஒரு முறை எங்காவது கிளிக் செய்துவிட்டால், திரை முழுவதையும் எடுத்துக்கொள்ள பிரவுசர் அனுமதிக்கும். வீடியோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறோமே, அதே வசதிதான். அதை வைத்துக்கொண்டு கணினியே பேசுவது போல ஒரு நாடகம் போடுகிறார்கள். அந்த நேரத்தில் கணினியில் வைரஸ் எதுவும் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. எஸ்கேப் வேலை செய்யவில்லையா, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து முடித்துவிடலாம். அதுவும் வரவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள், சேமிக்காமல் விட்ட வேலை தவிர ஒன்றும் அழியாது. மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் கவனம். தன்னுடைய எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு வரியை நீங்கள் கட்டம் கட்டிப் போட்டால் எத்தனையோ பேர் அந்த நம்பருக்குப் பேச மாட்டார்கள்.

பேசினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். மரியாதையாகத்தான் பேசுவார்கள். தொலைவிலிருந்து இயக்கும் ஒரு மென்பொருளை இறக்கச் சொல்வார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி உண்மையான மென்பொருளாகவே இருக்கும், அதனால் ஆன்டிவைரஸ் வாயைத் திறக்காது. பிறகு விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதைத் திறந்து வரிசையாக இருக்கும் சிவப்புக் குறிகளைக் காட்டி ‘பாருங்கள், எத்தனை வைரஸ்’ என்பார்கள். அந்தச் சிவப்புக் குறிகள் நன்றாக ஓடும் எல்லாக் கணினியிலும் இருக்கும், ஏதோ ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூட ஒரு குறி விழும். பார்ப்பவருக்கு அது தெரியாது. அடுத்து கட்டணம், அடுத்து ‘தவறுதலாக அதிகப் பணம் திருப்பி அனுப்பிவிட்டோம், மீதியை அனுப்புங்கள்’ என்று ஒரு நாடகம், அந்த நேரத்தில் வங்கிக் கணக்கு அவர்கள் கண்ணெதிரே திறந்திருக்கும்.

இந்த இடத்தில் உங்கள் மீது ஒரு வருத்தமும் இருக்கிறது. ‘படித்தவரே ஏமாந்தார்’, ‘ஓய்வுபெற்ற அதிகாரியே சிக்கினார்’ என்று தலைப்பு வைக்கிறீர்கள். இதனால் என்ன நடக்கிறது தெரியுமா? அடுத்து மாட்டிக்கொள்பவர் வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்வதில்லை, மகனிடம் சொன்னால் திட்டுவானோ என்று இரண்டு நாள் மூடி வைக்கிறார். காப்பாற்றக்கூடிய நேரம் அந்த முதல் சில மணி நேரம்தான். உடனே நெட் ஒயரைப் பிடுங்கி அல்லது வைஃபையை அணைத்து, வங்கிக்குப் பேசி, வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றினால் பெரும்பாலும் சேதத்தைக் குறைத்துவிடலாம். ஏமாந்தவரைக் குற்றவாளி போலக் காட்டும் தலைப்பு அந்த நேரத்தைத் தின்றுவிடுகிறது.

இப்போது பரவிக்கொண்டிருக்கும் இன்னொரு வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் விவரம் தெரிந்தவர்களே விழுகிறார்கள். ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறீர்கள், ‘நான் ரோபோ அல்ல’ என்று டிக் செய்யச் சொல்லும் கட்டம் வருகிறது, எங்கும் பார்ப்பதுதானே என்று டிக் செய்கிறீர்கள். அடுத்து மூன்று படிகள் காட்டுகிறது: விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், கண்ட்ரோலும் வி எழுத்தும் அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள். அவ்வளவுதான், நீங்கள் மனிதர் என்று நிரூபித்துவிடலாமாம். உண்மையில் நீங்கள் டிக் செய்த அந்தக் கணத்திலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையைக் கணினியின் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், காப்பி செய்து வைத்துவிட்டது. முதல் படி கட்டளைகளை ஓட்டும் விண்டோஸின் ‘ரன்’ பெட்டியைத் திறக்கிறது, இரண்டாவது படி அந்தக் கட்டளையை அதில் ஒட்டுகிறது, மூன்றாவது படி அதை ஓட விடுகிறது. திருட்டு மென்பொருளை உங்கள் கையாலேயே இறக்கி நிறுவிவிட்டீர்கள். பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதற்கு ‘கிளிக்ஃபிக்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், 2024 முதல் இது பெருகிவிட்டது, மேக் கணினிக்கும் ‘டெர்மினலைத் திறந்து இதை ஒட்டுங்கள்’ என்று வருகிறது. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: உண்மையான எந்தத் தளமும், நீங்கள் மனிதர்தானா என்று பார்ப்பதற்காகப் பிரவுசருக்கு வெளியே போய் எதையும் ஒட்டச் சொல்லாது.

அப்படி உள்ளே வருவது என்ன செய்யும் என்றும் பலருக்குத் தெரியவில்லை. திரையில் மண்டை ஓடு காட்டாது, கணினி மெதுவாகக்கூட ஆகாது. பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் தளங்களின் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். குக்கீ என்பது ‘இவர் ஏற்கெனவே பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் கொடுத்து உள்ளே வந்தவர்’ என்று அந்தத் தளம் உங்கள் பிரவுசரிடம் கொடுத்து வைத்திருக்கும் அனுமதிச் சீட்டு. அதைத் திருடியவருக்கு உங்கள் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ‘ஓடிபி யாருக்கும் சொல்லவே இல்லை, எப்படி என் மின்னஞ்சலுக்குள் போனார்கள்?’ என்று குழம்புபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். அதனால் சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிற்காமல், கணக்கின் செட்டிங்ஸில் போய் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுக்க வேண்டும். அதையும் தொற்று இல்லாத வேறொரு கருவியிலிருந்து செய்ய வேண்டும், கெட்டுப்போன கணினியில் உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டு போட்டால் அதையும் சேர்த்துக் கொடுத்த மாதிரிதான்.

சரி, ஆன்டிவைரஸ். ‘காசு கட்டி ஆன்டிவைரஸ் போட்டிருக்கேனே, அப்புறம் எப்படி?’ என்பது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது, வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் அபிப்பிராயம், அதை அணைக்காமல் இருந்தால். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது, ஒன்றோடு ஒன்று மோதிக் கணினி தவழும். ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கிராக் செய்த, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த மென்பொருளை இறக்குகிறவர்கள், அதோடு வரும் குறிப்பை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்’ என்று இருக்கும். காவலை அணைத்துவிட்டுக் கூப்பிடச் சொல்பவர் எதற்கு வருகிறார் என்று யோசிக்க வேண்டாமா? விளையாட்டில் குறுக்கு வழியில் ஜெயிப்பதற்கான ‘சீட்’ என்று பிள்ளைகள் இறக்குவதும் இதே கதைதான்.

இலவச மென்பொருள் தேடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தேடுபொறியில் பெயரைப் போட்டதும் மேலே முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அசல் தளத்தைப் போலவே பக்கம் செய்து, காசு கொடுத்து அந்த இடத்தைப் பிடித்து, அசல் மென்பொருளுக்குள் திருட்டு மென்பொருளை வைத்துக் கொடுப்பது சர்வசாதாரணமாக நடக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றிப் பொது எச்சரிக்கை வெளியிட்டு, தேடும்போது விளம்பரத் தடுப்பான் பயன்படுத்துங்கள் என்றே ஆலோசனை சொன்னது. ஒரு காவல் அமைப்பே அப்படிச் சொல்லும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருளான எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான், நல்லதாக இருந்தது நாளைக்கும் நல்லதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற குரோம் எக்ஸ்டென்ஷனை 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்தினார்கள், நல்ல பெயரோடு இருந்தது, 2020ல் அது வேறு கைக்கு மாறியது, 2021 பிப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் நீக்கியது. இடையில் பயன்படுத்தியவர்கள் யாரும் புதிதாக எதையும் நிறுவவில்லை, பழையது தானாக அப்டேட் ஆனது. தேவையில்லாத எக்ஸ்டென்ஷனை இன்றைக்கே எடுத்துவிடலாம்.

இதைச் சொன்னதும் ‘அப்படியானால் அப்டேட்டே ஆபத்துதானே’ என்று கிளம்புவார்கள். இல்லவே இல்லை. எந்த பட்டனையும் அழுத்தாமல், எந்த லிங்க்கையும் தொடாமல் மாட்டிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு, அது அப்டேட் போடாமல் இருப்பது. 2017 மே 12ஆம் தேதி ‘வானாக்ரை’ என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், கிளம்பியது நினைவிருக்கும். சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டியது, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. விண்டோஸ் கணினிகள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறை ஒன்றில் இருந்த ஓட்டை வழியாக, ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு அது தானாகவே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதி. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் இருந்தது! உங்கள் நாளிதழ் உட்பட எல்லா ஊடகமும் அந்த மே மாதத்தில் பக்கம் பக்கமாக எழுதின, மார்ச் மாதத்தில் இரண்டு வரி வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடுகிறது, 2003 முதல் இதுதான் வழக்கம். அந்த வாரம் வியாழக்கிழமை இதழில், ராசிபலனுக்குப் பக்கத்திலேயே போடுங்கள், ‘இன்று உங்கள் கணினியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்’ என்று. நிறையப் பேருக்கு அப்டேட் இறங்கிக் காத்துக்கொண்டிருக்கும், மூடியை மட்டும் மூடி மூடித் திறப்பதால் ரீஸ்டார்ட்டே ஆகியிருக்காது. பிரவுசரும் அப்படியே, அப்டேட் இறங்கியிருந்தாலும் மூடித் திறந்தால்தான் நடைமுறைக்கு வரும், நாற்பது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மூடாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்கு அதன் பிறகும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் தரும் ஏற்பாடு ஒன்றை அறிவித்தது, ஆனால் தானாக வராது, செட்டிங்ஸில் அப்டேட் பகுதிக்குப் போய் நாமே சேர வேண்டும். பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறாது என்பவர்கள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாம், பிரவுசர், மின்னஞ்சல், கடிதம் அடிப்பது என்ற அளவில் உள்ளவர்களுக்கு அது தாராளமாகப் போதும். கணினி நன்றாகத்தானே ஓடுகிறது என்று அப்படியே விட்டுவிடுவது மட்டும் கூடாது, ஏனென்றால் அப்டேட் நின்ற பிறகு கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அதில் நிரந்தரமாகத் திறந்தே இருக்கும்.

பாஸ்வேர்டு பற்றி உங்கள் இதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள், ஆனால் பழைய பாடத்தையே எழுதுகிறீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு, மாதம் ஒரு முறை மாற்றுங்கள் என்று. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017ஆம் ஆண்டே, காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று தன் வழிகாட்டுதலை மாற்றிவிட்டது. கட்டாயப்படுத்தினால் ஜனங்கள் கடைசியில் இருக்கும் ஒன்றை இரண்டாக்குவார்கள், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் போடுவது. 2009ல் ‘ராக்யூ’ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் வெளியே போயின. எந்தக் குறியாக்கமும் செய்யாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள், அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 1 முதல் 6 வரையிலான எண் வரிசை. இப்படிக் கசிந்த மின்னஞ்சல்–பாஸ்வேர்டு ஜோடிகளை எடுத்து மற்ற எல்லாத் தளங்களிலும் தானியங்கியாகப் போட்டுப் பார்க்கிறார்கள். உங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு கடினமானது என்பது அங்கே பிரச்சினையே இல்லை, அவர்கள் யூகிக்கவில்லையே, கையில் வைத்திருக்கிறார்கள்.

இடத்துக்கு ஒரு பாஸ்வேர்டு என்றால் மனதில் நிற்காது, அதற்குத்தான் எல்லாவற்றையும் பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற மென்பொருள். அது பிடிக்காதவர்கள், குறிப்பாக வயதானவர்கள், வீட்டில் ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் வைத்தால் தவறே இல்லை. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் உலகின் மறுகோடியில் இருக்கும் திருடனால் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது. எதை விட்டாலும் மின்னஞ்சல் கணக்கை மட்டும் விடாதீர்கள், மற்ற எல்லாக் கணக்குகளின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ லிங்க்கும் அங்கேதான் வருகிறது, அதற்குத் தனியாக நீளமான ஒன்றும், பாஸ்வேர்டோடு ஓடிபி போல இன்னொன்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயம் வேண்டும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கருவியின் கைரேகை அல்லது பின்னைக் கொண்டு உள்நுழையும் பாஸ்கீயை இப்போது பல தளங்கள் கேட்கின்றன, சந்தேகப்படாமல் போட்டுக்கொள்ளலாம், போலித் தளத்தில் அது வேலையே செய்யாது என்பது அதன் பெரிய பலம்.

போலித் தளம் என்றதும் ‘பூட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள்’ என்ற அறிவுரை இன்னும் உங்கள் பக்கங்களில் வருகிறது. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அந்தப் பூட்டு சொல்வது, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதைத்தான். அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அசல் போல நடித்துத் தகவலைப் பறிக்கும் பிஷிங் தளங்களிலும் பூட்டு இருக்கிறது, ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் கூகுள் 2023ல் குரோமிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது. பார்க்க வேண்டியது முகவரியை. தொடக்கத்தில் வரும் https:// போக, முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். ‘டாட் காம்’ என்று முடிந்தால், அதற்கு ஒட்டி முன்னால் இருக்கும் பெயருக்குத்தான் அந்தத் தளம் சொந்தம். அதற்கும் முன்னால் உங்கள் வங்கியின் பெயரை எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாலும் அது வெறும் ஒட்டு, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

மின்னஞ்சலோடு வரும் ஃபைல்களைப் பற்றி ஒரே ஒரு காரியம். விண்டோஸ் தானாகவே ஃபைல் பெயரின் வால் பகுதியை, அதாவது அது எந்த வகை ஃபைல் என்று சொல்லும் கடைசி எழுத்துகளை, மறைத்து வைக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் ‘ஐ லவ் யூ’ வைரஸ் உலகம் முழுக்கப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம், காதல் கடிதம் என்ற பெயரில் சாதாரண எழுத்து ஃபைல் போலத் தெரிந்தது, மறைந்திருந்த வால் அதை ஒரு நிரல் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கால் நூற்றாண்டு ஆகியும் அந்த மறைப்பு மாறவில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பகுதிக்குப் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்துவிட்டால் வால் தெரியும், ரசீது என்று வந்தது படிக்கும் ஆவணமான பிடிஎஃப்பா, ஓடும் நிரலான இஎக்ஸ்இயா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பேக்கப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, வசதிக்காக எப்போதும் கணினியிலேயே சொருகி வைத்திருப்பார்கள். ரான்சம்வேர் வந்தால் அந்த டிஸ்க்கில் இருப்பதையும் சேர்த்துத்தான் பூட்டும், அதற்கு அதுவும் இன்னொரு டிரைவ்தான். கிளவுடில் தானாக ஏறுகிறது என்பவர்களுக்கும் இதே நிலைதான், பூட்டப்பட்ட ஃபைல்தான் அங்கும் ஏறி நல்லதை மாற்றிவிடும். ஆனால் பல சேவைகளில் பழைய பதிப்புகளைக் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், பதற்றப்படாமல் அங்கே போய்த் தேட வேண்டும். ஆகவே பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள், அவ்வளவு முடியாவிட்டாலும் கழற்றி வைத்த ஒரு டிஸ்க் பெரிய விஷயம். எப்போதாவது ஒரு முறை அதிலிருந்து நாலு படத்தைத் திறந்தும் பார்க்க வேண்டும். பேக்கப் இல்லாமல் பூட்டிக்கொண்டவர்கள் பணம் கட்டும் முன் ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளத்தைப் பார்க்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை ஆகியவை பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016ல் தொடங்கியது அது, சில வகை ரான்சம்வேர்களுக்கு அங்கே இலவசமாகவே சாவி கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் கிடைக்காது.

வீட்டுக்குள் இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான ரவுட்டரைப் பற்றி எழுதினால் இன்னொரு பக்கம் போகும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ல் ‘மிராய்’ என்ற நிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் சுமார் அறுபது பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் போட்டுப் பார்த்தே பிடித்தது, அந்தப் படையை வைத்து அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்களையே பலருக்கு எட்டாமல் செய்தார்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதை மாற்றியவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். பிள்ளைகளுக்குக் கணினியில் நிர்வாகி கணக்கைக் கொடுக்காமல் சாதாரணக் கணக்கைத் தனியாகப் போட்டுக் கொடுத்தாலே பாதித் தலைவலி குறையும், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் இணையதளத்தைப் பற்றி. உங்கள் செய்தியைத் திறந்ததும் முதலில் வருவது ‘அறிவிப்புகளை அனுமதிக்கவா?’ என்ற கட்டம். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், ஆனால் கேட்டதற்கெல்லாம் ‘அலவ்’ கொடுக்கும் பழக்கம் வாசகருக்கு அங்கேதான் வருகிறது. போலித் தளங்கள் அதே கட்டத்தை வைத்துத்தான், ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று மூலையில் ஓயாமல் அறிவிப்பு அனுப்புகின்றன. பிரவுசர் செட்டிங்ஸில் போய் அந்த அனுமதியை நீக்கினால் தீர்ந்துவிடும், அது தெரியாமல் கணினியையே ஃபார்மேட் செய்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்து விளம்பரங்கள். செய்திக்கு நடுவில் பச்சை நிறத்தில் ‘டவுன்லோட்’ என்று ஒரு பெரிய பட்டன் வருகிறது, செய்தியை இறக்கத்தானோ என்று பெரியவர்கள் அழுத்துகிறார்கள். பெரிய நாளிதழ்களுக்கே இது நடந்திருக்கிறது. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இணையதளத்தில் போலி ஆன்டிவைரஸ் விளம்பரம் புகுந்தது, 2016 மார்ச்சில் அதே தளத்திலும் பிபிசி போன்ற வேறு பெரிய தளங்களிலும் விளம்பர வலைப்பின்னல் வழியாக ரான்சம்வேர் வரை போனது. அந்தத் தளங்களை யாரும் ஹேக் செய்யவில்லை, விளம்பர இடத்தை வாங்கினார்கள்.

நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தால் அதை யார் கொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியும், இணையதளத்திலும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே? அறிவிப்புக் கட்டத்தைத் தானாக வராதபடி எடுத்துவிடுங்கள், வேண்டியவர்கள் அழுத்திப் பெறட்டும். ‘டவுன்லோட்’, ‘உங்கள் கணினி பாதிக்கப்பட்டுள்ளது’ என்ற வகை விளம்பரங்களைத் தடுக்கும் வசதி விளம்பர வலைப்பின்னல்களிலேயே இருக்கிறது, உங்கள் தொழில்நுட்பப் பிரிவிடம் சொன்னால் செய்துவிடுவார்கள். தப்பான விளம்பரம் கண்ணில் பட்டால் வாசகர்கள் தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரியையும் பக்கத்தின் அடியில் போடுங்கள். நான் எடுத்து வைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்களை, எந்த நாளில் எந்தச் செய்திக்குப் பக்கத்தில் வந்தது என்ற விவரத்தோடு, முதல் ஆளாக அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்